நூல் கோக்காத மெஷின்

2024 ஜனவரி 10, புதன்

நேற்று வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இன்று காலையே பிசியோ தம்பி வந்துவிட்டார். எடுத்த எடுப்பில் எழுந்து நிற்கச் சொல்வாரோ என்று பயந்தால், பாதத்தை மட்டும் ஆட்டச் சொன்னார். முன்னால் அழுத்தி, பின்னால் இழுத்து, மணிக்கு 10 முறை.

"இதெல்லாம் ஒரு எக்சர்சைஸா தம்பி? 30 வருசமா மெஷின் மிதிக்கிறவ நான்."

"அதேதான்கா. படுத்துக்கிட்டே மிதிங்க."

கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் தேங்காமல் மேலே ஏறும். தேங்கினால் உறைந்து கட்டியாகி, நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். வயிற்றில் போடும் ஊசியும் அதற்குத்தான். மதியம் வாக்கரைப் பிடித்து நாலடி நடந்தேன். தலை சுற்றியது.

ஜனவரி 13, சனி

வீடு. முழங்காலை மெத்தையில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 எண்ண வேண்டும். பிட்டத்தையும் அப்படியே. வெளியே பார்ப்பவர்களுக்கு நான் சும்மா படுத்திருப்பதாகத்தான் தெரியும்.

குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குவதுதான் பாடு. பருத்தி விரிப்பில் குதிகால் நகரவே இல்லை. மகளிடம் லைனிங் வெட்டிய சாட்டின் துண்டு ஒன்றைக் கேட்டு அடியில் போட்டேன். வழுக்கிக்கொண்டு வந்தது! பிசியோவிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 15, பொங்கல்

எல்லோரும் தரையில் இலை போட்டுச் சாப்பிட, நான் மட்டும் உயரமான நாற்காலியில் மகாராணி. எனக்குப் பின்பக்கமாகக் கீறிச் செய்திருப்பதால், உள்ளே சதை ஆறும்வரை மூட்டு நழுவிவிடக்கூடாது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் கூடாது, அந்தக் காலை உள்பக்கம் திருப்பவும் கூடாது. பேத்தி கீழே போட்ட கரும்புத் துண்டை எடுக்கக் குனியப்போய், மகள் போட்ட சத்தத்தில் நிமிர்ந்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

தையல் பிரித்தார்கள். என் தையலைவிட நெருக்கம்; குறை சொல்ல முடியவில்லை.

இனி நின்றுகொண்டு செய்ய வேண்டியவை. சமையல் மேடையைப் பிடித்து, காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கினேன். நன்றாக உயர்கிறதே என்று பார்த்தால் உடம்புதான் சாய்ந்திருக்கிறது. நேராக நின்றால் ஒரு சாண்கூட எழவில்லை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். மாலையில் கால் வீங்கியது. தலையணைமேல் நீட்டிவைத்ததும் வடிந்தது. கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

6 வாரம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் மெஷினில் உட்காரலாம் என்றார் டாக்டர். பழைய ஸ்டூல் தாழ்வு. முழங்காலைவிட இடுப்பு மேலே இருக்க வேண்டுமே! கெட்டியான மெத்தை இரண்டை அடுக்கிக் கட்டினோம். நூல் கோக்காமல், துணி வைக்காமல், வெறும் மெஷினை மிதித்தேன். 10 எண்ணியதும் பழக்கதோஷத்தில் கால் நின்றுவிட்டது.