பல்லி வீட்டுக்குக் குடித்தனம் வந்தாச்சு

தாழ்வாரத்தில் சிட்டுக்குருவிக்காக நான் மாட்டிய மரப்பெட்டி பத்து மாதம் சும்மா தொங்கியது. "பல்லிக்கு வீடு கட்டியிருக்கே" என்று அம்மா கேலி செய்தாள்.

போன வாரம் ஒரு ஆண் சிட்டுக்குருவி பெட்டி மேல் உட்கார்ந்து விடிகாலையிலேயே கத்தத் தொடங்கியது. கறுப்புத் தாடி இருந்தால் ஆண். இடம் பிடித்துக் கூப்பிடுவது அவர் வேலை. அம்மணி வந்தாள். உள்ளே தலையை விட்டாள், எடுத்தாள், பறந்துவிட்டாள். இப்படியே மூன்று நாள். எனக்குப் பெண் பார்க்கப் போன ஞாபகம் வந்தது.

நான்காம் நாளிலிருந்து பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார் குறைய ஆரம்பித்தது. நீள நாரைக் குறுக்காகக் கவ்விவந்து ஓட்டையில் இடிப்பதும், கீழே போடுவதும், மறுபடி எடுப்பதும்தான் காலை முழுக்க. நுனியைப் பிடித்து இழுத்தால் உள்ளே போய்விடும், யார் சொல்வது?

ஓட்டையை 32 மில்லிமீட்டரோடு நிறுத்தியது நல்லதாயிற்று. ஒரு மைனா வந்து மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுக் கோபமாகப் போனது. வாசலில் குச்சியும் வைக்கவில்லை. குருவி விளிம்பையே பற்றிக்கொள்ளும், குச்சி காக்கைக்குத்தான் வசதி.

இன்று ஒரு கோழி இறகு உள்ளே போனது. எங்கள் தெருவில் கோழியே கிடையாது, கறிக்கடை வரை போயிருக்க வேண்டும். மெத்தை போடுகிறார்கள் என்றால் முட்டைக்கு அதிக நாளில்லை.

தாழ்வாரத்து ஃபேனை அம்மா நிறுத்திவிட்டாள். இந்த மதுரை வெயிலில்! "பல்லிக்காகவா?" என்று கேட்டேன். முறைத்தாள்.