உறுமி மேளத்துக்கு வெளிச்சம்

மார்ச் 3

வியாழக்கிழமை பயிற்சி ஸ்டூடியோவில் உறுமி மேளக் குழு நேரடியாக வாசிக்கிறது. மூன்று கேமரா. லைட்டிங் என் பொறுப்பு. சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

அப்பாவும் உறுமி வாசித்தவர். தைப்பூச வீடியோ கேசட் ஒன்று இருக்கிறது. அதில் வேட்டி தெரியும், மேளம் தெரியும், முகம் மட்டும் கரிக்கட்டை. அதனால்தான் இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

இன்று லைட் மாட்டினோம். 1000 வாட் பார் கேன் லைட் ஒன்று 230 வோல்ட்டில் 4.35 ஆம்ப் இழுக்கும். மூன்றை ஒரே 13 ஆம்ப் பிளக்கில் போட்டால் எல்லை தாண்டிவிடும். இரண்டோடு நிறுத்தினேன்.

மார்ச் 4

ஒத்திகை. முன் லைட்டில் நீல ஜெல் (வண்ணத் தாள்) போட்டிருந்தார்கள், முகமெல்லாம் சாம்பல். நம் தோல் சிவப்பைத் திருப்பித் தருகிற அளவுக்கு நீலத்தைத் தராது. நீலத்தைப் பின்னால் கொண்டுபோனேன். தோளிலும் மேள விளிம்பிலும் கோடு போட்டது போல விழுந்தது, அழகு. முன்னால் 3200 கெல்வின் இளமஞ்சள் வெள்ளை, வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூஷன் தாள் போட்டுப் பக்கவாட்டிலிருந்து. நெற்றியிலும் கன்னத்திலும் மினுமினுப்பு வந்ததும் முகத்துக்கு உருவம் வந்துவிட்டது.

கேமரா ஐரிஸை (வெளிச்சம் நுழையும் துளையை) இன்னும் திறக்கச் சொன்னார் பயிற்றுநர். திறந்தால் வெள்ளை வேட்டி முழுக்க சீப்ரா கோடு, வெளிச்சம் அளவு மீறியதைக் காட்டும் எச்சரிக்கை. ஃப்ரெனல் லைட்டின் கீழ்த் தகட்டை மடித்து வேட்டிக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைத்தேன். அதற்குப் பிறகு ஐரிஸைத் தாராளமாகத் திறக்க முடிந்தது.

லைட் சூட்டில் மேளத் தோல் இறுகிச் சுருதி ஏறியது. தப்புக்காரத் தம்பிக்குக் கொண்டாட்டம், "நெருப்பு மூட்ட வேணாம்ணே!" உறுமிக்கார அண்ணனுக்கோ ஒரே கவலை. இடைவேளையில் லைட்டை இறக்கி, வாசிக்கும்போது மட்டும் முழுதாக ஏற்றுவதாக ஒத்துக்கொண்டேன். பாதியில் வைத்து ஓட்ட முடியாது. டங்ஸ்டன் பல்பு குறையக் குறைய ஆரஞ்சாகும்.

மார்ச் 5

காலையெல்லாம் ஒரே பிரச்சினை. வளைந்த குச்சியால் உறுமியைத் தேய்த்து இழுக்கும்போது அண்ணன் குனிகிறார். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கண் இரண்டும் குழியாகிவிடுகின்றன. அந்த இழுவைதான் உறுமிக்கு உயிர், அந்த நேரத்து முகம் இல்லாமல் என்ன படம்? இன்னொரு லைட் வைத்தால் நிழல் இரண்டாகும். கடைசியில் மீன் பெட்டி மூடி மாதிரி ஒரு வெள்ளைப் பாலிஸ்டைரீன் பலகையை, கேமராவில் படாத இடமாகப் பார்த்து, அவர் காலடியில் சாய்த்து வைத்தேன். தரைக்குப் போன வெளிச்சம் மேலே திரும்பியது. அவர் குனிந்தார், கண் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கியது.

இரவு எட்டுக்கு நேரடி. பன்னிரண்டு நிமிடம். ஒரு பல்பும் போகவில்லை.

மார்ச் 7

அப்பாவுக்குப் பதிவைப் போட்டுக் காட்டினேன். சத்தத்தைக் கேட்டுத் தாளம் போடுவார் என்று நினைத்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தப்பு அடிக்கிற பையன் எஸ்டேட்ல கீழ் லயத்து மேஸ்திரி பேரனா? அதே மூக்குடா."