மேசையிலிருந்து மடிக்கு இறங்கிய விசைப்பலகை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் இருந்தபடி சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, நீதிமன்றத் தீர்ப்பு என்று என்னிடம் வருபவை பெரும்பாலும் கடதாசிகளாகவே வருகின்றன. மூலத்தை இடப்பக்கம் வைத்து, அதில் ஒரு வரியைப் பார்த்து, திரையை நிமிர்ந்து பார்த்து, மறுபடி கடதாசிக்குத் திரும்பி, இப்படி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை கழுத்தைத் திருப்புவதுதான் இந்தத் தொழில். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வரும்வரை புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அருகே ஒரு சிறிய அறையில் வேலை செய்தேன். அதன்பின் வீட்டுச் சாப்பாட்டு மேசையே என் அலுவலகமாகி, இன்றுவரை அப்படியே இருக்கிறது.

வலி ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் காலையில் எழும்பும்போது பிடரி இறுகியிருக்கும், குளித்தால் சரியாகிவிடும். பிறகு வலத் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு கல் வைத்ததுபோன்ற கனம் பின்னேரங்களில் வரத் தொடங்கியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், மின்சாரம் உள்ள நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று இடையில் எழும்பாமல் நான்கு மணித்தியாலம் தொடர்ந்து இருந்திருக்கிறேன். அந்த மாதங்களில்தான் நாரியும், அதாவது கீழ்முதுகும், சேர்ந்து வலிக்கத் தொடங்கியது. அம்மா தந்த தைலத்தைப் பூசிக்கொண்டு ஓர் ஆண்டு கடத்தினேன். நல்ல சாய்வுள்ள, சில்லுப் பூட்டிய அலுவலகக் கதிரை ஒன்றும் வாங்கினேன். நாரி சற்று இளகியது. கழுத்தும் தோளும் அப்படியே இருந்தன.

2023இன் தொடக்கத்தில் ஒரு வைத்தியரிடம் காட்டினேன். கைவிரல்களின் பலத்தையும் தொடுகை உணர்வையும் பார்த்து, முழங்கையில் சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்து, நரம்பு எதுவும் நெரிபடவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நான் மேசையையும் கதிரையையும் பற்றி யோசிக்கத் துணிந்தேன். கையில் விறைப்பு, விரல்களில் பலக்குறைவு, காலுக்கு இறங்கும் வலி போன்றவை இருப்பவர்கள் பலகையையும் ஆணியையும் தேடுவதற்கு முன் வைத்தியரிடம் போகவேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வைத்தியர் என்னை இயன்மருத்துவரிடம் அனுப்பினார். அவர் இளம் பெண். நான் வேலை செய்யும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வரும்படி கேட்டார். மகள் எடுத்துத் தந்தாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய இயன்மருத்துவர், “அக்கா, தோள் ரெண்டும் காதுக்குக் கிட்ட நிக்குது, பாருங்கோ. முதுகு கதிரையில படவேயில்லை. மேசை எத்தனை உயரம், உங்கட முழங்கை எத்தனை உயரம் எண்டு அளந்துகொண்டு வாங்கோ” என்றார். நல்ல கதிரை வாங்கியும் நான் அதன் சாய்வில் ஒரு நாளும் சாய்ந்து வேலை செய்யவில்லை என்பது அந்தப் படத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அளந்து பார்த்ததில் எல்லாம் விளங்கியது. என் உயரம் 155 சென்ரிமீற்றர். பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் படவேண்டுமானால் என் இருக்கை 41 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். இருக்கையிலிருந்து, தோளைத் தளர்த்தி மடித்த முழங்கை வரை 23 சென்ரிமீற்றர். ஆக நிலத்திலிருந்து என் முழங்கை 64 சென்ரிமீற்றர். சாப்பாட்டு மேசையோ 76. அதன்மேல் விசைப்பலகையின் தடிப்பு இரண்டரை. என் கைகள் தாங்கள் இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே பதினான்கரை சென்ரிமீற்றரில் நாள் முழுவதும் வேலை செய்திருக்கின்றன. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. என் உடலுக்கு அது மூன்று கிலோ அளவில் வரும். அந்த இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் தசை. அது வலித்ததில் வியப்பில்லை.

கதிரையை உயர்த்திக் காலுக்குக் கீழே ஒரு பெட்டி வைக்கலாம் என்று முதலில் முயன்றேன். மேசைப் பலகைக்குக் கீழே ஓடும் மரச்சட்டம் தொடையில் இடித்தது. அதே சட்டத்தால், மேசைக்கு அடியில் பூட்டும் இழுப்புத் தட்டுக்கும் இடமிருக்கவில்லை. மேசைக்கால்களை வெட்டுவதற்கு வீட்டில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். அதில்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம். அப்போதுதான் விசைப்பலகையை மேசையிலிருந்தே பிரித்து, கதிரையில் பூட்டிவிட்டால் என்ன என்று இயன்மருத்துவர் கேட்டார். கதிரையோடு பூட்டிய தட்டு, கதிரை உருண்டால் கூட உருளும். நான் பின்னுக்குச் சாய்ந்தாலும் கைக்கும் விசைக்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது. சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் அல்ஃப் நாகெம்சன் 1960களில் முள்ளந்தண்டு வட்டுகளுக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளந்து, நிற்கும்போது உள்ளதைவிடச் சாய்வில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அது கூடுதல் என்று பதிவு செய்ததையும், சாய்வைப் பின்னுக்குத் தாழ்த்தினால் அது குறைகிறது என்பதையும் அவர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். சாய்ந்தபடி வேலை செய்யவேண்டுமானால் விசைப்பலகை என்னிடம் வரவேண்டும். மேசையில் இருக்கும்வரை அது என்னைத் தன்னிடம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பம்பலப்பிட்டியில் கணினிப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். மேசைக்கு அடியில் பூட்டும் தட்டுகளைத்தான் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் தீர்வையும் சேர்ந்து கதிரையின் விலைக்கே வந்தது. ஆகவே செய்விப்பது என்று முடிவெடுத்தேன்.

முதல் தட்டை நானும் மகளும் செய்தோம். 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் ஒரு துண்டை வாங்கி, கதிரையின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே வைத்து, ஒட்டும் நாடாவால் கட்டினோம். தோள் தாழ்ந்தது உண்மை. ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகும் வலி முழுதாக விடவில்லை. மறுபடி அளந்தேன். என் கதிரைக் கைகள் இருக்கையிலிருந்து 22 சென்ரிமீற்றர் உயரத்தில் நிலையாகப் பூட்டப்பட்டவை, ஏற்றி இறக்க முடியாதவை. அதன்மேல் பலகையும் விசைப்பலகையும் சேர, விசைகள் முழங்கையைவிட இரண்டரைக்கு மேல் உயர்ந்து நின்றன. என் கைகள் சற்றே மேல்நோக்கி வளைந்து, மணிக்கட்டும் பின்னுக்கு மடிந்தது. கதிரைக் கைக்கு மேலே வைக்கும் தட்டு, கை உயரத்தை மாற்றக்கூடிய கதிரைக்கு மட்டுமே பொருந்தும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தட்டைக் கதிரைக் கைகளுக்கு மேலே வைக்காமல் அவற்றுக்கு இடையில் தொங்கவிடவேண்டும். எவ்வளவு தாழ்த்தலாம் என்பதைத் தொடைதான் தீர்மானிக்கிறது. இருந்தபடி என் தொடையின் தடிப்பு 14 சென்ரிமீற்றர். பலகையின் மேற்பக்கத்தை இருக்கையிலிருந்து 18இல் வைத்தால், அடிப்பக்கத்துக்கும் தொடைக்கும் இடையில் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருக்கும். விசைகள் இருபதரையில், முழங்கைக்குக் கீழே வரும். இந்தக் கணக்கைக் கடதாசியில் வரைந்து எடுத்துக்கொண்டு, தெஹிவளையில் எங்களுக்கு அலுமாரி செய்துதந்த மொறட்டுவைத் தச்சரான பாஸிடம் போனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கதிரையோடு வரச் சொன்னார். கதிரையை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். என்னை இருத்தி, கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கைகள் சாய்வோடு பூட்டப்பட்டிருக்கின்றனவா இருக்கையோடு பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று அவர் முதலில் பார்த்தார். நான் யோசித்திராத கேள்வி அது. சாய்வோடு பூட்டிய கைகளில் தட்டைத் தொங்கவிட்டால், சாயும்போது தட்டின் முன்விளிம்பு மேலே எழும்பி மணிக்கட்டை மடக்கிவிடும். என்னுடையவை இருக்கையின் அடியில் போல்ட் போட்டுப் பூட்டியவை. அந்த போல்ட்களிலேயே பட்டை இரும்பால் வளைத்த தாங்கிகளைச் சேர்த்துப் பூட்டலாம் என்றார். தாங்கியின் தடிப்புக்கு ஏற்ப போல்ட் சற்று நீளமாக வேண்டும். ஒன்றைக் கழற்றித் தந்தார். பழைய சோனகத் தெருவில் அந்த மாதிரியைக் காட்டி, அதே புரியில் நீளமானவற்றை வாங்கினேன். புரி மாறிய போல்ட்டை முறுக்கினால் இருக்கைக்குள் இருக்கும் நட் அழிந்துவிடும் என்று பாஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

தாங்கிகளைப் பக்கத்து வெல்டிங் கடையில் வளைத்தார்கள். பலகையின் அகலம் 48 சென்ரிமீற்றர். வயிற்றுப் பக்கம் ஆழமில்லாத பிறை வடிவில் வெட்டு. முன்விளிம்பு, அதாவது என்னிலிருந்து விலகிய விளிம்பு, ஒன்றரைச் சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கிறது. விசைப்பலகையின் பின்காலை உயர்த்தி வைத்துத் தட்டச்சுச் செய்து பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் சாய்ந்திருக்கும்போது முன்கை மடியை நோக்கி இறங்குகிறது. விசைப்பலகையும் அதே சரிவில் இருந்தால்தான் மணிக்கட்டு நேராக நிற்கிறது. வலப்பக்கம் பிணைச்சல், இடப்பக்கம் ஒரு கொக்கி. எழும்பும்போது பலகையைக் கதவுபோலத் தூக்கிவிடலாம். விசைப்பலகை ஒட்டும் நாடாவில் நிற்கிறது. பொருளும் கூலியும் சேர்த்து 7,000 ரூபாவுக்குள் முடிந்தது.

இடத் தோளும் கழுத்தின் இடப்பக்கமும் இரண்டு கிழமையில் இளகின. வலப்பக்கம் இளகவில்லை. காரணத்தைத் தேட எனக்கு மேலும் ஒரு கிழமை பிடித்தது. என் பழைய விசைப்பலகை 44 சென்ரிமீற்றர் நீளம். பலகையில் அதற்குமேல் இடமில்லாததால் மவுஸை மேசையிலேயே விட்டிருந்தேன். சாய்ந்திருந்த நான் அதை எட்டுவதற்கு ஒவ்வொரு தடவையும் வலக்கையை முழுதாக நீட்டினேன். தட்டு வருவதற்கு முன்பு இருந்ததைவிட அந்தக் கைக்கு அது மோசமான நிலை. வலது ஓரத்தில் எண்கட்டை, அதாவது எண் விசைகளின் தனித் தொகுதி, இல்லாத, 36 சென்ரிமீற்றர் நீளமான கம்பியில்லா விசைப்பலகையை வாங்கி, மீதியான 12 சென்ரிமீற்றரில் பந்தை விரலால் உருட்டும் மவுஸை வைத்தேன். அது நகராமல் ஒரே இடத்தில் இருப்பதால் சரிவில் வழுகுவதில்லை. உறுதி இலக்கங்களையும் திகதிகளையும் எண்கட்டையில் அடித்துப் பழகிய எனக்கு மேல்வரிசை எண்கள் பழக ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில் ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டு முறை சரிபார்த்தேன். சுட்டுவிரல்கள் தங்கும் மேடுள்ள இரண்டு விசைகளின் நடு, தொப்புளுக்கு நேரே வரும்படி விசைப்பலகையை வலப்பக்கமாக நகர்த்தி ஒட்டினேன். முன்பு எண்கட்டையையும் சேர்த்து நடுவில் வைத்ததால் உடலை எப்போதும் இடப்புறம் திருப்பியே தட்டச்சுச் செய்திருக்கிறேன்.

பிறகு திரை. பின்னுக்குச் சாய்ந்ததும் கண்ணுக்கும் திரைக்கும் இடையில் தொண்ணூறு சென்ரிமீற்றர் ஆகிவிட்டது. எழுத்துத் தெரியாமல் தலை தானாக முன்னே நீண்டது. ஐந்து கிலோ அளவான தலை தோளுக்கு முன்னே தொங்கினால் பலகையால் என்ன பயன்? திரையை மேசையில் என் பக்கமாக இழுத்து, அறுபது சென்ரிமீற்றரில் நிறுத்தி, எழுத்தையும் பெருப்பித்தேன். சாய்ந்திருப்பவருக்குத் திரையும் அதே அளவு பின்னுக்குச் சரிந்திருக்கவேண்டும். நேராக நின்றால் மேல்விளக்கின் ஒளி அதில் படாவிட்டாலும் கீழ்வரிகளைப் பார்க்க நாடி நெஞ்சில் குத்தும்.

இந்தத் தட்டால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மையை நான் எதிர்பார்க்கவேயில்லை. விசைப்பலகை போனதும் திரைக்குக் கீழே மேசை வெறுமையாகியது. அந்த இடத்தில், சமையலறையில் கிடந்த ஒரு மரத்தாங்கியைச் சரிவாக நிறுத்தி, மூலக் கடதாசியைத் திரைக்கு நேர் கீழே வைத்தேன். இத்தனை ஆண்டுகளாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்த கழுத்து, இப்போது கண்ணை மட்டும் தாழ்த்தி உயர்த்தினால் போதும். கடதாசியைப் பார்த்து வேலை செய்கிற எவருக்கும், கணக்காளருக்கும் அச்சக எழுத்துக் கோப்பவருக்கும்கூட, தோளுக்குக் கிடைக்கும் ஆறுதலைவிட இதுவே பெரிது என்பது என் எண்ணம்.

குறைகளும் உண்டு. தட்டு மடிக்கு மேலே பூட்டியிருக்கும்போது எழும்புவதற்கு மனம் வருவதில்லை. தொடக்கத்தில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்து நாரியை மறுபடி நோகச் செய்தேன். இப்போது நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசி மணி அடிக்கும்; தட்டைத் தூக்கிவிட்டு, நாடியைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியையும் தோள்பட்டைகளை ஒன்றுசேர்க்கும் பயிற்சியையும் பத்துத் தடவை செய்கிறேன். பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கிறேன். முன்கையின் பாரத்தைப் பலகையில் போட்டு அழுத்தினால் போல்ட்கள் இளகும். மாதமொரு முறை முறுக்கவேண்டியிருக்கிறது. கடற்காற்றிலும் ஈரத்திலும் ஒட்டுப்பலகையின் விளிம்பு ஒரு மழைக்காலத்திலேயே ஊதிப் பிரிந்தது. பாஸ் விளிம்புகளைத் தேய்த்து வார்னிஷ் பூசித் தந்த பிறகு அப்படி நேரவில்லை.

ஆறு கிழமையளவில் காலை இறுக்கம் நின்றது. அவசர வேலை வந்து இரவு பன்னிரண்டைத் தாண்டினால் வலத்தோள் இன்னும் நினைவூட்டுகிறது. அந்த வலி இரண்டு நாளில் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு, புதுக்கடையில் என்னோடு வேலை செய்த ஒரு நண்பர் என் அளவுகளைக் கேட்டார். அவரைக் கதிரையில் இருத்தி நானே அளந்தேன். ஆறடி மனிதர், தொடையின் தடிப்பே 17 சென்ரிமீற்றர், முழங்கை இருக்கையிலிருந்து 27. என் பலகையை அப்படியே செய்திருந்தால் அது அவர் தொடையில் கிடந்திருக்கும். அவருக்கு 22இல் தாங்கி வைக்கச் சொல்லி, புதிய படம் வரைந்து பாஸிடம் அனுப்பினேன்.