பசுமலைக்கு ஒரு டிக்கெட்

என் பெயர் ‘ப’வில் தொடங்குகிறது. எங்கள் வீடு இருந்தது மதுரைப் பசுமலையில். அதுவும் ‘ப’. மேலுதடும் கீழுதடும் பொருந்தினால் ‘ப’ பிறக்கும் என்று இலக்கண வகுப்பில் நடத்தினார்கள். எனக்கு உதடுகள் பொருந்தும், அப்புறம் பிரியாது. உள்ளே சொல் தயாராக இருக்கும், மூச்சு இருக்கும், குரல் மட்டும் வராது. எனக்குத் திக்குவது இப்படித்தான். கண்டக்டர் கையில் டிக்கெட் புத்தகத்தோடு நிற்பார். ‘ஆ’ எனக்குத் தடையில்லாமல் வரும் எழுத்து. அதனால் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் "ஆண்டாள்புரம்" என்று சொல்லிவிடுவேன். அங்கே இறங்கி, பழங்காநத்தம் வழியாக மீதி தூரத்தை நடப்பேன். பிளஸ் டூ முடிக்கும்வரை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இப்படித்தான். வீட்டில் டியூஷன் லேட் என்று சொல்லிவைத்திருந்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகன்.

போன ஆடி மாதம் அவனுக்கு மூன்று வயது நான்கு மாதம். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு காலையில் "நா நா நா நா நாய்க்குட்டி" என்றான். இரண்டு நாள் கழித்து "ம்ம்ம்ம்மாமா" என்று இழுத்தான். பத்தே நாளில், சொல் வராமல் தரையில் காலை உதைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினான். அடுப்படியில் நின்ற எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தக் கண்மூடல் என்னுடையது. சொல் மாட்டும்போது நானும் அப்படித்தான் மூடுவேன்.

அத்தை கெட்டவர் இல்லை. பேரன் மேல் உயிர். பயத்தில் "உங்க வீட்டு வழியில வந்துருச்சு" என்றார். அன்று சாயங்காலமே வசம்பைச் சுட்டு இழைத்து அவன் நாக்கில் தடவினார். இரண்டாவது தடவை நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். எனக்கும் சின்ன வயதில் தடவியிருக்கிறார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். எட்டு வயதில் அப்பா கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கூட்டிப்போய், நோட்டும் பேனாவும் வைத்து வேண்டிக்கொண்டார். அந்தப் பயணம் எனக்கு இன்னமும் இனிக்கும் ஞாபகம்தான், ஏனென்றால் அப்பா அன்று என்னைக் கடிந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆச்சிதான் அடிக்கடி குமரகுருபரர் கதையைச் சொல்லும். ஐந்து வயதுவரை பேச்சில்லாத பிள்ளை, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து பாடிய கதை. ஆச்சி ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருக்கும். அந்தப் பிள்ளைக்கே வந்த பேச்சு உனக்கு ஏன் வரவில்லை என்றுதான் என் காதில் விழுந்தது.

நாக்கில் ஒரு குறையும் இல்லை என்று எங்களுக்கு முதன்முதலில் சொன்னவர் ஸ்பீச் தெரபிஸ்ட். திக்குவது நாக்கின் கோளாறு இல்லை, பேச்சுக்கான அசைவுகளை மூளை நேரம் தப்பாமல் கோத்துக் கொடுப்பதில் வரும் சிக்கல். பயந்து வருவதும் இல்லை, யாரையோ பார்த்துப் பழகிக்கொள்வதும் இல்லை. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில், பேச்சு வேகமாக வளரும்போது தொடங்கும். அவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நிற்கும். பெண் குழந்தைகள் மீண்டுவிடுவது அதிகம், அதனால் பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற கணக்கு. அந்த நூற்றில் ஒன்றிலும், அந்த ஐந்தில் ஒன்றிலும் நான் இருக்கிறேன்.

எல்லாத் தடுமாற்றமும் திக்கல் இல்லை. "எனக்கு, எனக்கு, அது வந்து, எனக்கு அந்த பால் வேணும்" என்று முழுச் சொல்லையும் திருப்பிச் சொல்வது அந்த வயதுக் குழந்தைகள் எல்லோரும் செய்வது. சொல்லின் முதல் அசையை உடைத்துத் திருப்புவது, ஒலியை இழுப்பது, சத்தமே வராமல் அடைத்து நிற்பது, அதோடு முகத்திலும் கழுத்திலும் இறுக்கம் வருவது, இவை வேறு. வீட்டில் வழிவழியாக இருந்தால், ஆண் குழந்தையாக இருந்தால், மாதக்கணக்கில் குறையாமல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம் என்றார். மற்றவர்களிடம் கொஞ்ச நாள் பார்ப்போம் என்பாராம். எங்களிடம் அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டார்.

அத்தை சொன்னதில் பாதி உண்மை, அது என்னை வாட்டியது. தாத்தாவுக்குத் திக்கும், எனக்குத் திக்கும், இப்போது இவனுக்கு. ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன். 2010-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் டென்னிஸ் டிரேனா என்பவரின் குழு, திக்குகிறவர்கள் நிறையப் பேர் இருந்த பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்து இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தது. எல்லோருக்கும் அதுவே காரணம் இல்லை, ஒரு சிறு பகுதிக்குத்தான். ஆனாலும் படித்து முடித்ததும் மனசு லேசானது. தாத்தா என்னிடம் கொடுத்தது மூக்கும் நிறமும் மாதிரி ஒன்று. அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

ஆனால் மறைப்பது மரபணுவில் வரவில்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து குறள் ஒப்பிக்கும்போது எனக்குத் திக்காது. எவ்வளவு திக்குகிறவர்களுக்கும் கூட்டமாகச் சேர்ந்து சொல்லும்போது பெரும்பாலும் வராது. பாடும்போதும், கைக்குழந்தையைக் கொஞ்சும்போதும் அப்படித்தான். ஆசிரியருக்கு இது தெரியாது. "எல்லாரோடயும் சொல்ற, தனியா கேட்டா மட்டும் வராதா? நடிக்கிறியா?" என்று பெஞ்சின் மேல் ஏற்றினார். அதற்கப்புறம் நான் சொல் மாற்றக் கற்றுக்கொண்டேன். தண்ணீர் வராவிட்டால் மோர் கேட்பேன். பேனா வராவிட்டால் ‘எழுதுறது’ என்பேன். நான் திக்குவதே தெரியாத தோழிகள் இருந்தார்கள். அதற்காக நாள் முழுக்க ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஓடி, எங்கே பள்ளம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன்.

2011-இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின ராத்திரி சித்தி சொன்ன யோசனை இது: "பேச விட வேண்டாம். பாடச் சொல்லுவோம்." நான் பாட்டுக் கற்றவள். கூடத்தில் பாயில் உட்கார்ந்து, தம்பூரா இல்லாமல், கண்ணை மூடாமல், ஒரு முருகன் பாட்டை முழுசாகப் பாடினேன். ‘ப’வில் தொடங்கும் சொல் அதில் நாலைந்து இருந்தது. ஒன்றுகூட மாட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் உருகிப்போனார்கள். அவர் "உங்க பேரு?" என்று கேட்டார். என் உதடுகள் மூடின. சித்தி முந்திக்கொண்டு பதில் சொல்லி, காபி டம்ளரை நீட்டினார்கள். எல்லோரும் வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். இவ்வளவு நன்றாக நான் என்றைக்குமே பாடியதில்லை, அதற்காக இவ்வளவு அழுததும் இல்லை.

நிச்சயத்துக்கு அப்புறம் அவர் போன் செய்வார். எனக்கு அடைத்து நிற்கும்போது அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, டவர் இல்லையா?" என்பார். இரண்டு மாதம் ஆமாம் என்றேன். அப்புறம் தாங்கமுடியாமல் ஒரு எஸ்எம்எஸ்ஸில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் அவர் பேசவில்லை. திக்குவதால் இல்லை, மறைத்ததால். "பாட வெச்சு ஏமாத்துற அளவுக்கு நாங்க என்ன பண்ணோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. கல்யாணம் நடந்தது. பெரியவள் பிறந்தாள், அவளுக்கு இது வரவில்லை.

அதனால் மகனுக்கு என்றதும் எனக்கு ஒரே ஒரு பயம்தான். திக்குவது போகலாம், போகாமல் இருக்கலாம். என்னைப் பார்த்து இவன் மறைக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது.

குழந்தையின் முன்னால் அதைப் பற்றிப் பேசவே கூடாது, பேசினால் அதிகமாகும் என்று சொந்தக்காரர்கள் பலர் சொன்னார்கள். படித்தவர்களும் சொன்னார்கள். இதன் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. வெண்டல் ஜான்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அவரும் திக்குகிறவர்தான், பெற்றோர் ‘இது திக்கல்’ என்று பெயர் வைப்பதால்தான் திக்கல் வருகிறது என்று நம்பினார். 1939-இல் அவருடைய மாணவி ஒருவர் அயோவாவில் ஓர் அநாதை விடுதிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார். நன்றாகப் பேசிய குழந்தைகளிடமும் நீ திக்குகிறாய், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். அவர்களுக்குத் திக்கல் வரவில்லை. ஆனால் வாய் திறக்கவே தயங்குகிறவர்களாக மாறிப்போனார்கள். அவர் வேலை பார்த்த அயோவா பல்கலைக்கழகம் 2001-இல் மன்னிப்புக் கேட்டது. படித்தபோது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாகத்தான் என்னைப் பார்த்தேன்.

எங்கள் தெரபிஸ்ட் நேர் எதிராகச் சொன்னார். அவனிடம் சாதாரணமாகப் பேசுங்கள். அவனே அதற்கு ஒரு பெயர் வைத்தான்: "அம்மா, மாட்டிக்கிச்சு." நாங்களும் அதையே சொல்கிறோம். "மெதுவா பேசு", "மூச்சு விட்டுட்டு சொல்லு" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்லை எடுத்துக்கொடுப்பதில்லை. அவன் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவனை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதில் நாங்கள் நிதானமாகப் பேசுகிறோம். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேகவாய்.

தினமும் பதினைந்து நிமிடம் விளையாட்டுப் பேச்சு. சிட்னியில் லிட்கோம்ப் என்ற இடத்தின் பெயரால் வந்த முறை இது. தடையில்லாமல் சொன்னால் அவ்வப்போது ஒரு பாராட்டு, அன்றைய பேச்சுக்கு 0 முதல் 9 வரை ஒரு மதிப்பெண், 0 என்றால் திக்கலே இல்லை, அதைப் போடுவது பெற்றோர். எனக்கு இதில் ஒரு உறுத்தல் இருந்தது. மாட்டாமல் வந்தால் பாராட்டு என்றால், மாட்டுவது தப்பு என்றுதானே அவனுக்குப் படும்? கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க மாட்டும்போது என்ன செய்றீங்கன்னு அவன் பாக்குறான். அதுல இருந்துதான் அதை எடுத்துப்பான்" என்றார். உறுத்தல் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் தொடர்கிறோம். ஆறில் தொடங்கியவன் இப்போது இரண்டில் இருக்கிறான். ஜுரம் வந்த வாரம் ஐந்துக்குப் போனான், திரும்ப இறங்கினான்.

அவர் பதிலுக்கு அப்புறம் நானும் போகத் தொடங்கினேன். என்னைப் போன்றவர்களுக்கு முழுசாகத் தீர்க்கும் மாத்திரை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சார்லஸ் வான் ரைப்பர் என்ற, தானும் திக்கிய ஒரு நிபுணரின் வழி. திக்குவதை நிறுத்த அல்ல, முட்டாமல் இலகுவாகத் திக்கப் பழகுவது. மாட்டிய சொல்லை முடித்துவிட்டு, ஒரு நொடி நின்று, மறுபடி மெதுவாகச் சொல்வது. அப்புறம் மாட்டிய இடத்திலேயே இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வழுக்கி வருவது. முதல் பாடம் சொல் மாற்றக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போக அவனோடு டவுன் பஸ் ஏறினேன். இப்போது எங்களுக்கு இலவசம்தான், ஆனாலும் எங்கே இறங்கணும் என்று கேட்டுத்தான் சீட்டு தருகிறார்கள். மடியில் அவன் இருந்தான். கண்டக்டர் "எங்கம்மா?" என்றார். உதடுகள் மூடின. ‘ஆ’ நாக்கு நுனியில் வந்து நின்றது. விடவில்லை. "ப... ப்... ப..." கண்டக்டர் அடுத்த சீட்டுக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். மகனும் அண்ணாந்து என் வாயைப் பார்த்தான். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். "ப... பசுமலை."

"பசுமலை ஒண்ணு" என்று சீட்டைக் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்தார். அவன் அதை என் கையிலிருந்து பிடுங்கி, இறங்கும்வரை தானே வைத்திருந்தான்.