கான்ஸ்ட் போட்டாலும் ரேம்தான்

ஜூன் 3, 2025, செவ்வாய் – மஞ்சக்குப்பம், கடலூர்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் மாட்டிய போர் மோட்டார் கன்ட்ரோலர் திரும்பி வந்துவிட்டது. இங்கிலீஷில் எஸ்எம்எஸ் போனவரை தொந்தரவு இல்லை. தமிழில் அனுப்ப ஆரம்பித்ததும் பாதியில் ரீசெட் ஆகிறது. உள்ளே ஏவிஆர் வகைச் சிப்பான ஏடிமெகா 328பி: நிரல் தங்கும் ஃப்ளாஷ் 32 கேபி, ஓடும்போது பயன்படும் ரேம் வெறும் 2048 பைட்.

தமிழ்ச் செய்தியை எஸ்எம்எஸ் அனுப்பும் மாட்யூலுக்கு யூசிஎஸ்2 ஹெக்ஸாக, அதாவது ஒவ்வொரு குறியின் எண்ணையும் எழுத்தாக்கிக் கொடுக்கிறோம். ‘மோட்டார்’ என்பதில் புள்ளி, கால் எல்லாம் சேர்த்து 8 குறி. குறிக்கு 4 எழுத்து. முடிவைக் காட்டும் கடைசிச் சுழியோடு 33 பைட். ஒரே ஒரு சொல்லுக்கு!

ஜூன் 4, புதன்

“அண்ணே, எல்லாத்துக்கும் கான்ஸ்ட் போட்டிருக்கேன். ஃப்ளாஷ்லதானே இருக்கும்?” என்றான் தம்பி. கான்ஸ்ட் என்றால் ‘இது மாறாது’ என்று கம்பைலருக்குச் சொல்வது. எஸ்டிஎம்32 என்ற வேறு வகைச் சிப் என்றால் அவன் சொல்வது சரி. ஏவிஆரில் வாதம் செய்வதைவிட, பெயர்களையும் முகவரிகளையும் பட்டியலிடும் என்எம் டூலை ஓடவிடுவது மேல்.

முதலில், லிங்க் ஆவதற்கு முந்தைய ஆப்ஜெக்ட் ஃபைலைப் பார்த்தான். செய்திகள் மாறாத டேட்டாவுக்கான ரோடேட்டா பகுதியில் இருந்தன. முகத்தில் வெற்றிச் சிரிப்பு. லிங்க் ஆன எல்ஃப் ஃபைலைத் திறக்கச் சொன்னேன். அதே செய்திகள் 00800100-ஐ ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஏவிஆர் டூல்களில் 0080 என்று தொடங்கும் முகவரி ரேம். ரோடேட்டாவை, ரேமுக்குப் போகும் டேட்டா பகுதியோடு சேர்த்துவிடுவது லிங்கர் ஸ்கிரிப்ட். ஃப்ளாஷுக்கும் ரேமுக்கும் தனித்தனி முகவரி வரிசை இருப்பதால், சாதாரண பாயின்டர் ஃப்ளாஷைப் படிக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆக ஒவ்வொரு செய்தியும் ஃப்ளாஷில் ஒரு பிரதி, பவர் வந்ததும் ரேமில் இன்னொரு பிரதி.

ஜூன் 5, வியாழன்

மதியம் வரை கரன்ட் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

செய்திகளுக்கு ப்ரோக்மெம் (ஃப்ளாஷிலேயே வை என்ற குறிப்பு) போட்டோம். முகவரிகள் 0000-க்கு இறங்கின. பகுதிகளின் அளவைக் காட்டும் சைஸ் கட்டளையில் டேட்டா நன்றாகச் சுருங்கியது. படிக்கும் இடங்களையும் மாற்றியாக வேண்டும்: ஸ்ட்ரிங் காப்பிக்குப் பதில் அதன் ‘_பி’ வால் வைத்த வடிவம். அதை விட்டால் கம்பைலர் சும்மா இருக்கும், எஸ்எம்எஸ்ஸில் குப்பைதான் போகும்.

ரேமைத் தின்னும் இன்னொரு ஆள் என்எம் பட்டியலிலேயே இல்லை. செய்தியைக் கோர்க்கும் ஃபங்ஷனுக்குள் ஒரு லோக்கல் அரே: 70 குறி × 4, கூட 1, மொத்தம் 281 பைட். லோக்கல் என்பதால், ஃபங்ஷன் ஓடும்போது மட்டும் ரேமில் இடம் பிடிக்கும் ஸ்டாக்கில் இருக்கும்; என்எம்மும் காட்டாது, சைஸும் எண்ணாது. ஸ்டாக் மேலிருந்து இறங்கி, பிஎஸ்எஸ்ஸில் (சுழியில் தொடங்கும் நிலையான மாறிகளுக்கான ரேம் பகுதி) இருக்கும் ரிசீவ் பஃபர்மேல் ஏறுகிறது. மாட்யூலின் பதில் அந்த பஃபருக்கு வந்தால், ஃபங்ஷன் முடிந்து திரும்ப வேண்டிய ரிட்டர்ன் முகவரி காலி; அதனால்தான் ரீசெட். ஜிசிசி கம்பைலரின் ஸ்டாக்-யூசேஜ் ஆப்ஷன் எழுதித் தரும் ஃபைலில்தான் இந்த அரே பிடிபட்டது.

ஜூன் 9, திங்கள்

அந்த அரேயை ஸ்டாட்டிக் ஆக்கி, ரேமில் நிலையான இடம் கொடுத்தாயிற்று. இப்போது பிஎஸ்எஸ்ஸில், பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் எண்ணும் ஒட்டிக்கொண்டு என்எம்மில் தெரிகிறது. தமிழ் எஸ்எம்எஸ் முழுசாகப் போகிறது. தம்பி இனி தெலுங்கும் சேர்க்கலாமா என்கிறான். ஃப்ளாஷில் இடம் இருக்கிறது. தோப்புக்காரர் கேட்டால் பார்க்கலாம்.