கார்த்திகை ஏடும் மார்கழித் தேரும்

கார்த்திகை பிறந்தால் நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ நெல் பச்சை பிடித்து நிற்கும்; வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் தூறிக்கொண்டிருக்க, விடியற்காலைகளில் பனி இறங்கத் தொடங்கும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாட்டும் உரையும் வாசிப்பும் கூடிவரும் பருவமும் இதுவே. இவற்றைக் கேட்க அரங்கு தேடி அலைய வேண்டியதில்லை, நுழைவுச்சீட்டும் வேண்டாம். சுவாமி கும்பிடப் போகிறவர் போகிற போக்கில் இலக்கியமும் கேட்டுவிட்டு வருவார். இந்த முறை அந்த வழக்கத்தையே நோக்கமாகக் கொண்டு, சுவாமிதோப்பில் தொடங்கிச் சுசீந்திரத்தில் முடியுமாறு என் பயணத்தை அமைத்துக்கொண்டேன்.

சுவாமிதோப்பு, அய்யாவழி மரபைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி, அதாவது முதன்மை வழிபாட்டிடம். கார்த்திகையில் இங்கே 17 நாள் திருஏடு வாசிப்பு நடைபெறும். முத்திரிக்கிணற்றில் நீராடி, மேல்சட்டை களைந்து, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் ஆண்கள் உள்ளே செல்ல வேண்டும். மற்றக் கோயில்களில் தலைத்துணியை அவிழ்ப்பது மரியாதை. இங்கே கட்டுவது மரியாதை. சாதியின் பெயரால் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த மக்களிடையே வைகுண்டர் (1809–1851) ஏற்படுத்திய வழக்கம் இது. பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கிறது. கும்பிடுகிறவர் தன் முகத்தையே காண்கிறார்.

இங்கே வாசிக்கப்படும் ஏடு அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை; 15,000 அடிகளுக்கு மேற்பட்ட பெருநூல். ஏட்டை வாசிப்பவர் ஒரே சீரான ராகத்தில், அடியின் கடைசிச் சொல்லை மட்டும் சற்று நீட்டி, இடைவெளியின்றி வாசித்துச் செல்கிறார். எனக்குப் பக்கத்தில் நெற்றியில் நாமமிட்ட ஒரு முதிய பெண்மணி கால்நீட்டி அமர்ந்திருந்தார். வாசிப்பவர் அடுத்த அடிக்குப் போகுமுன்பே அவருடைய உதடுகள் அங்கே போய்விட்டிருந்தன. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு, “எனக்குக் கேக்கத் தெரியும், மக்களே” என்றார். இலக்கியக் கூட்டங்களில் இப்படியொரு வாசகரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அதே நாள்களில் கோட்டார் சவேரியார் பேராலயத்திலும் திருவிழா நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் சவேரியார் திருநாள். அன்று எங்கள் மாவட்டத்துக்கே விடுமுறை. மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. கோட்டாரிலிருந்து சுசீந்திரம் செல்லும் சாலையில் அடுத்து வருவது இடலாக்குடி, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் (1874–1950) ஊர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய அவரே, வள்ளலாரின் பாடல்கள் மருட்பா அல்ல, அருட்பாவே என்று மேடையேறி வாதாடியவர். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்திக் காட்டினார். கோயிலுக்குப் போகும் வழியில் அவர் நினைவு மண்டபத்தின் முன் சற்று நின்று செல்வதையும் நான் வழிபாட்டிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் மார்கழித் திருவிழா பத்து நாள். சிவன், திருமால், பிரமன் மூவரும் ஒருங்கே வீற்றிருக்கும் தலம். அனசூயை மூவரையும் குழந்தைகளாக்கிய கதையும், இந்திரன் சாபம் நீங்கிய கதையும் இங்கே சொல்லப்படுகின்றன. ஆனால் ஊர் மக்களை உருகவைப்பது மூன்றாம் நாள் இரவில் நடக்கும் மக்கள்மார் சந்திப்புதான். பெற்றோருக்குத் திருவிழா என்றால் பிள்ளைகள் வராமல் இருக்கலாமா? கோட்டாரிலிருந்து வலம்புரி விநாயகரும், மருங்கூரிலிருந்து சுப்பிரமணியரும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் தாய் தந்தையரைக் காண வந்து சேர்கிறார்கள். வேளிமலையார் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் வரை போய்வந்தவர். அடுத்த பயணத்துக்கு அவருக்கு மார்கழி வரைதான் ஓய்வு. சந்திப்பு நிகழும்போது மேளம் உச்சத்துக்குப் போகிறது, பெண்கள் குரவையிடுகிறார்கள்.

விடியலில் திருவெம்பாவை. சிதம்பரம் முதலாகச் சிவாலயங்களில் எல்லாம் திருவாதிரைக்கு முந்தைய நாள்களில் மாணிக்கவாசகரின் இந்த இருபது பாடல்களும் ஒலிக்கும். சுசீந்திரத்தில் அதைக் கேட்பதற்கு வேறொரு சுவை உண்டு. பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நிற்கும்போது குளிர் முழங்கால் வரை ஏறுகிறது. தூண்களில் செதுக்கிய பாவைகளின் கைவிளக்குகள் இருட்டில் வரிசையாகத் தெரிகின்றன. அந்த வரிசைக்கிடையே பாடல் வளைந்து வருகிறது. அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைக் காண வருகிறவர்கள் தட்டினால் எழும் ஓசையைத்தான் கேட்க விரும்புகிறார்கள். ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகக் குடைந்தெடுத்த அந்தச் சிற்றுருவத் தூண்களைத் தொடாமல் பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. சிற்பியின் கணக்குக் கண்ணுக்கே புலப்படும். 18 அடி ஆஞ்சநேயர் முன்னால் வெண்ணெயும் வடைமாலையுமாகக் கூட்டம் எப்போதும் போல் நெருக்கியடித்தது.

மாலைகளில் சமயச் சொற்பொழிவு, பக்தி இசை, பரதநாட்டியம் என்று நிகழ்ச்சிகள் உண்டு. எல்லாக் கோயில் மேடைகளையும் போலவே தரம் முன்பின்னாக இருக்கும். மெல்லிசைக்குக் கூடும் கூட்டம் புராண உரைக்குக் கூடுவதில்லை; ஆனால் உரைக்கு வருகிறவர்கள் கடைசி வரை எழுந்திருப்பதில்லை. வாகனம் புறப்படும் மேளம் கேட்டதும் பேச்சாளர் வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கைகூப்புகிறார், கேட்டவர்களும் திரும்பி நின்று கும்பிடுகிறார்கள். அதை யாரும் இடையூறாக நினைப்பதில்லை.

திருவிழாவின் இடையில் ஒரு பகலைத் தேரூருக்கு ஒதுக்கினேன். 1876-இல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். தாய்மாமன் சொத்து மருமக்களுக்குப் போகும் மருமக்கள் வழிச் சொத்துரிமையால் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சிரிக்கச் சிரிக்கப் பாடியவர், கல்வெட்டு ஆய்விலும் அதே அளவு ஆழ்ந்தவர். தேரூர்க் குளம் இப்போது சுசீந்திரம் குளத்தோடு சேர்த்து, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக 2022-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த பறவைகள் தாமரை இலைகளுக்கிடையே நீந்திக்கொண்டிருந்தன.

ஒன்பதாம் நாள் தேரோட்டம். விநாயகர், சுவாமி, அம்மன் என்று தேர்கள் புறப்பட, வடம் பிடிக்க ஆண்களும் பெண்களும் முண்டுகிறார்கள். புதிய வடம் கையில் முள்ளாகக் குத்துகிறது. திருப்பத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர் கூச்சலிடும்போது நூற்றுக்கணக்கான பேர் ஒரே மூச்சில் நின்றுவிடுகிறார்கள். இந்தத் தேர் ஓடும் கோயில் வீதிகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்ற தடை ஒரு காலத்தில் இருந்தது. அதை எதிர்த்து 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு போன்றோர் முன்னின்று சத்தியாகிரகம் நடத்தினர். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகு கோயிலே திறந்தது. வடத்தில் கை வைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளாமல் தேரிழுக்க என்னால் முடிவதில்லை.

அன்று நள்ளிரவு சப்தாவர்ணம். வந்த மக்கள்மார் பெற்றோரிடம் விடைபெறுகிறார்கள். பல்லக்குகள் சற்று விலகுகின்றன, மீண்டும் நெருங்குகின்றன, மறுபடியும் விலகுகின்றன. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் கூட்டத்திலிருந்து ஓர் ஒலி எழுகிறது. பிள்ளைகளை வளைகுடாவுக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகள் நிறைந்த மாவட்டம் இது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. முன்னால் நின்ற பாட்டி பேத்தியிடம், “அம்மைக்க கிட்ட இருந்து போகப் பிள்ளையளுக்கு மனசு வருமா மக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் அதிகாலையில் ஆருத்ரா தரிசனம், இரவில் சுவாமியை நீராட்டும் ஆராட்டு.

போக விரும்புகிறவர்கள் மூன்றாம் நாள் இரவையோ ஒன்பதாம் நாள் நள்ளிரவையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான் என்றாலும், தேரன்று வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. ஏடு வாசிப்புக்குக் கார்த்திகையிலேயே வர வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்குத் தை மாதத்தில் நாகராஜா கோயில் தேரும் சுவாமிதோப்புத் திருவிழாவும் இருக்கின்றன.