நான்காம் பத்தியும் ஏழாம் பத்தியும்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களின் பயிற்சிக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. கட்டுரையோடு, அதற்குப் போட்ட திட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வேன். எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் அந்தத் தாளைத்தான் எடுப்பேன். கட்டுரை எங்கே தடுமாறப் போகிறது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

தேர்வைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மெயின்ஸில் கட்டுரைத்தாளுக்கு 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். இரண்டு பிரிவு, பிரிவுக்கு நான்கு தலைப்பு. ஒவ்வொரு பிரிவிலும் ஒன்றைத் தேர்ந்து 1000 முதல் 1200 சொற்களுக்குள் எழுத வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எழுதலாம் என்பதால் தமிழில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 2017-ல்கூட விவசாயம், மத்திய மாநில நிதி உறவு, அணிசேரா இயக்கம் என்று நேரடித் தலைப்புகள் வந்தன. 2021-லிருந்து வந்த தாள்களைப் புரட்டினால் பெரும்பாலும் தத்துவ வாசகங்கள்தான். ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது, மகிழ்ச்சிக்கென்று தனி வழி கிடையாது மகிழ்ச்சியே வழி, இந்த மாதிரி. செய்தித்தாள் படித்துச் சேர்த்த குறிப்புகள் அங்கே நேராகக் கைகொடுப்பதில்லை. உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும்.

ஆனால் யோசிப்பதற்குப் பதிலாக ஒரு சக்கரம் வரைகிறார்கள். நடுவில் தலைப்பு, சுற்றிலும் ஆரங்கள்: வரலாறு, சமூகம், பொருளாதாரம், அரசியல், சுற்றுச்சூழல், பெண்கள், தொழில்நுட்பம், கடைசியில் தீர்வுகள். ஒவ்வோர் ஆரத்துக்கும் இரண்டு மூன்று பாயிண்ட். பார்க்க நிறைவாக இருக்கும். ஆற்றைப் பற்றிய தலைப்பை அழித்துவிட்டு அங்கே மகிழ்ச்சி என்று எழுதினாலும் அதே சக்கரம் அப்படியே பொருந்தும். அதுதான் அதில் உள்ள கோளாறு. எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற திட்டம், இந்தத் தலைப்பைப் பற்றி எதையும் முடிவு செய்யாத திட்டம்.

நான் வைத்திருக்கும் சோதனை எளியது. எழுதி முடித்த கட்டுரையில் நான்காம் பத்தியையும் ஏழாம் பத்தியையும் இடம் மாற்றிப் படிப்பேன். எதுவும் குலையவில்லை என்றால் அங்கே வாதம் ஓடவில்லை, பத்திகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு பத்தி எழுப்புகிற கேள்விதான் அடுத்த பத்தியைக் கூப்பிட வேண்டும். அப்படி எழுதியவரின் தாளில் இடம் மாற்றினால் உடனே இடறும்.

2023-ல் வந்த ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறேன். நீதி அதிகமுள்ள சமூகத்துக்குத் தான தருமம் குறைவாகவே தேவைப்படும் என்பது அதன் சாரம். இதற்கு ஒரு மாணவி போட்டிருந்த திட்டமும் சக்கரம்தான். சமூக நீதி, பொருளாதார நீதி, பாலின நீதி, சூழல் நீதி என்று வரிசையாக இருந்தன.

“எல்லா கோணமும் வந்துடுச்சே மேடம்” என்றார்.

“வந்துடுச்சு. சரி, இந்த வாசகத்தை ஒத்துக்காதவங்க யாராவது இருப்பாங்களா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “தானம் செய்யறவங்களுக்குக் கோபம் வரலாம்” என்றார்.

நல்ல பதில். அங்கிருந்துதான் அவருடைய உண்மையான திட்டம் தொடங்கியது. தானம் செய்கிறவர் கெட்டவர் இல்லை. அப்படியிருக்க, தானத்தைவிட நீதி எந்த விதத்தில் மேல்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கட்டுரை ஓரடிகூட நகர முடியாது.

பதில் தேட வெகுதூரம் போகவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டை எடுத்தோம். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோது ஊர் மக்களின் நன்கொடையும் அதில் சேர்ந்திருந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001-ல், உணவு உரிமை வழக்கில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, எட்டாம் வகுப்பு வரை அது சட்டப்படியான உரிமையாகவே ஆனது. தட்டில் விழுவது அதே சோறுதான். முதலில் ஈகையாக வந்தது, பிறகு திட்டமாக, பிறகு உரிமையாக.

“அப்போ அந்தக் குழந்தைக்கு என்ன மாறுச்சு?” என்று கேட்டேன். சாப்பாடு நிச்சயமாகக் கிடைக்கும் என்றார். வேறு? வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சோறு நல்லா இல்லன்னா புகார் சொல்லலாம்” என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. தருமமாக வாங்குகிறவர் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். உரிமையாக வாங்குகிறவர் குறையும் சொல்லலாம். தலைப்பின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை எந்த ஆரத்திலும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதோடு விட்டிருந்தால் கட்டுரை ஒருபக்கமாகப் போயிருக்கும். தலைப்பில் குறைவாக என்றுதான் இருக்கிறது, தேவையே இல்லை என்று இல்லை. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மக்களை மீட்டார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அனுப்பவில்லை. எவ்வளவு நீதியான சமூகத்திலும் அந்த நெஞ்சின் ஈரத்துக்கு வேலை இருக்கும். ஆக, அவருடைய திட்டம் இப்படி நின்றது: தானத்தின் பெருமை, அதில் வாங்குகிறவர் படும் கூச்சம், ஒரே சோறு உரிமையாக மாறிய கதை, புகார் சொல்லும் தைரியம், சட்டத்தின் கை எட்டாத இடங்கள், அந்த இடங்களில் மட்டும் ஈகை என்று ஒரு முடிவு. இதில் எதையும் இடம் மாற்ற முடியாது.

தமிழில் எழுதுகிறவர்கள் குறளைத் தோரணமாகக் கட்டுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். முன்னுரையில் ஒன்று, முடிவுரையில் ஒன்று என்று இருக்கும். இந்தத் தலைப்புக்கு ஈகை அதிகாரத்திலிருந்து ஒன்றை எடுத்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஈகையைப் பாடிய அதே வள்ளுவர்தான் இரவச்சம் என்ற அதிகாரத்தில், பிச்சையெடுத்துத்தான் வாழ வேண்டும் என்றால் இந்த உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்கிறார் (1062). இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுப்பது நல்லது, கேட்கும் நிலையில் ஒருவரை வைத்திருப்பது கொடுமை. கட்டுரைக்கு வேண்டிய முரண் முழுவதும் அங்கே இருக்கிறது. மேற்கோள் என்றால் இப்படி ஒரு வேலை செய்ய வேண்டும்.

சமூகத் தலைப்புகளில் வேறொரு சிக்கல். அதே 2023 தாளில் இன்னொன்று: பெண் பிள்ளைகளைக் கட்டுப்பாடுகள் அழுத்துகின்றன, ஆண் பிள்ளைகளை எதிர்பார்ப்புகள் அழுத்துகின்றன, இரண்டும் சமமாகத் தீங்கானவை. உடனே தாளின் நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் ஆண், பக்கத்துக்கு ஐந்து பாயிண்ட், கடைசியில் இருவரும் பாவம் என்று முடிவு. சமமாக என்ற இடத்தில் யாரும் நிற்பதே இல்லை. தவிக்கிற பையனின் மேல் இரக்கம் குறையாமலே கேட்கலாம்: பையன் மேல் சுமத்தும் எதிர்பார்ப்போடு பணமும் படிப்பும் சேர்ந்து வருகின்றன, பெண் மேல் போடும் கட்டுப்பாடு அவற்றைப் பிடுங்கிக்கொள்கிறது, அப்படியானால் இரண்டும் சமமா?

இன்னும் உள்ளே போனால் இவை தனித்தனிச் சுமைகளே இல்லை. வயதான காலத்தில் மகன்தான் பார்த்துக்கொள்வான் என்று நம்புகிற வீட்டில் அவன் மேல் பாரம் ஏறுகிறது. அதே நம்பிக்கையால்தான் மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவளாக ஒதுக்கப்படுகிறாள். ஒன்று இன்னொன்றைப் பெற்றெடுக்கிறது. 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் நாடு முழுவதற்குமாக மத்திய அரசும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தன. இந்தச் செய்தியைச் சட்டப் பாயிண்டாகத் தனியே எழுதினால் பயன் இல்லை. மகன் மட்டுமே குடும்பத்தின் தொடர்ச்சி என்ற எண்ணத்தின் வேரில் சட்டம் கை வைத்தது, வீடு இன்னும் வைக்கவில்லை என்று எழுதினால் அதற்கு உயிர் வரும்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் கேட்பார்கள். அதிகப் பாயிண்ட் கிடைக்கும் தலைப்பை எடுக்காதீர்கள் என்பேன். யாரோடு வாதாட வேண்டும் என்பது உங்களுக்கு எந்தத் தலைப்பில் தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுங்கள். முன்னுரையைத் திட்டத்தின் கடைசியில் முடிவு செய்தால் போதும், எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் எங்கிருந்து கிளம்புவது என்பது தெரியும். முடிவுரையில் அரசுத் திட்டங்களின் பெயர்களை வரிசையாக எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம். அதில் இருபது இருபத்தைந்து நிமிடம் திட்டத்துக்கே போகலாம். பக்கத்து மேசையில் ஒருவர் மூன்றாவது பக்கம் திருப்பும்போது வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் வரிசை தெரிந்து எழுதுகிற கை நிற்காமல் ஓடும், இழந்த நேரம் திரும்பி வந்துவிடும். நேரம் பற்றாமல் போனால் எந்தப் பத்தியைத் தூக்கலாம் என்பதையும் திட்டத்திலேயே சின்னதாகக் குறித்து வைக்கச் சொல்கிறேன். பெரும்பாலும் அது இரண்டாவது உதாரணமாக இருக்கும், எதிர்வாதமாக ஒருபோதும் இருக்கக் கூடாது.

இரண்டு கட்டுரைக்கும் சேர்த்து ஆரம்பத்திலேயே திட்டம் போடலாமா என்பதில் பயிற்றுநர்களிடையே ஒத்த கருத்து இல்லை. முதல் கட்டுரையை எழுதும் முன்பே இரண்டாவதன் தலைப்பை மட்டும் தேர்ந்து, அதன் கீழே ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. எழுதிக்கொண்டிருக்கும்போது மனது அதைப் பின்னால் அசைபோடும். முதல் கட்டுரை முடிந்து கை வலியோடு அந்தப் பக்கத்துக்கு வரும்போது, கேள்விக்குப் பக்கத்தில் எழுத ஏதாவது ஒன்று தயாராக இருக்கும்.